இசைத்தட்டு கேக்க நூலகத்துல ஒரு மூலை தாங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பர்ல பாட்டு பத்தி வாறதெல்லாம் அனேகமா சினிமாப் பாட்டுத்தான். அதுல எனக்குக் குறை ஒண்டும் இல்ல, ஆனா ரெண்டு வருசமா நான் கேட்டுக்கொண்டு வாற ஜப்பான் இசைத்தட்டுகளப் பத்தி நாலு பேருக்குச் சொல்லாம இருக்க ஏலாம இருக்கு, அதான் எழுதுறன்.

கனடாவில இருக்கிற மச்சான் ஊருக்கு வந்த நேரம் ஒரு இசைத்தட்டு கொண்டு வந்து தந்தான். ஹிரோஷி யோஷிமுரா எண்ட ஜப்பான்காரர் 1982ல வெளியிட்டது, 'மியூசிக் ஃபோர் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' எண்டு பேர், 2017ல திரும்ப அச்சடிச்சிருக்காங்க. அப்பாட காலத்து பிளேயர்ல போட்டன். கல்லடிக் கடல் காத்துக்கு அதுட இரும்பெல்லாம் கறள், ஊசி மட்டும் கொழும்பில புதுசா எடுத்துப் போட்டது. முதல் நிமிசமே விளங்கிட்டு, ஃபேன் சுத்துற சத்தம் பாட்ட விடப் பெரிசு எண்டு. ஃபேன நிப்பாட்டிட்டு வேர்க்க வேர்க்க இருந்தன். கீபோர்ட்ல ஒரு சுரத்தைத் தொடுறார், அது அடங்கிற மட்டும் விடுறார், பிறகுதான் அடுத்தது. குசினிக்குள்ள இருந்து அம்மா வந்து நிலத்துல இருந்துட்டா, "மழை விட்ட பிறகு ஓட்டுல இருந்து சொட்டுற மாதிரி இரிக்கி மகன்" எண்டா. அதுக்கு மேல நான் என்னத்த எழுத.

அண்டைக்குப் பிறகு தேடத் தொடங்கினதுதான். 80கள்ல ஜப்பான்ல கொம்பனிகளே இப்பிடி இசை செய்யச் சொல்லிக் கேட்டிருக்கு. மூஜி எண்ட வீட்டுச் சாமான் கடைக்குள்ள போடுறதுக்கு ஹருஓமி ஹொசோனோ எண்ட இசைக்காரர் செஞ்சு குடுத்திருக்கார், வீடு கட்டுற மிசாவா கொம்பனிக்கு இதே யோஷிமுரா 1986ல ஒரு தட்டே செஞ்சிருக்கார். மிடோரி தகாடா எண்ட அம்மா 1983ல மரிம்பா எண்ட மரக்கட்டை வாத்தியம், கொங், கோலாப் போத்தில் எண்டு எல்லாத்தையும் தானே வாசிச்சு ஒரு தட்டு போட்டா, அந்த நேரம் பெரிசா ஆரும் கவனிக்கல்ல. யூடியூப்ல ஆரோ போட்டுப் பரவி, 2017ல மறுபதிப்பு வந்து, 34 வருசத்துக்குப் பிறகு உலகம் முழுக்கக் கேக்குறாங்க. ஜப்பான் பாடகி மரியா தகேயுச்சிட 'பிளாஸ்டிக் லவ்' எண்ட 1984ம் ஆண்டுப் பாட்டும் அப்பிடித்தான் யூடியூப் வழியா எங்கட பொடியன்கள்ட போன் வரைக்கும் வந்திருக்கு.

ஆனா தட்டு வாங்கிறதுதான் பெரும்பாடு. ஒண்டு 25, 30 டொலர், தபால் செலவு வேற. நான் காசு சேத்து எடுப்பிச்ச ரெண்டாவது தட்டு வழியில எங்கயோ வெயில்ல கிடந்து அப்பளம் மாதிரி வளைஞ்சு வந்திச்சு. ஜப்பான் தட்டுகள்ட உறையில இடுப்புப் பட்டி மாதிரி ஒரு கடதாசி சுத்தியிருக்கும், ஓபி எண்டு சொல்லுவாங்க, அது ஒரு மடிப்பும் இல்லாம அப்பிடியே இருந்திச்சு, உள்ளுக்க தட்டுத்தான் சரியில்ல, ஊசி ஏறி இறங்கி வழுக்குது. அண்டு இரவு எனக்குச் சோறு இறங்கல்ல.

இதுக்கு வழியும் ஜப்பான்லயே இருக்கு. வெளிநாட்டுத் தட்டு வாங்கிறதுக்கு அங்கயும் ஒரு காலம் சனங்கள்ட கையில காசு இல்ல. அப்ப கோப்பிக் கடைக்காரர் தட்டு வாங்கி வெச்சாங்க, ஒரு கோப்பிக் காசுக்கு ஆரும் வந்து மணிக்கணக்கா இருந்து கேக்கலாம், கனக்க கடையில கதைக்கவே விடமாட்டாங்க. ஜாஸ் கிஸ்ஸா எண்டு பேர். யோகோஹாமாவில சிகுசா எண்ட கடை 1933லயே தொடங்கினது.

நான் கேக்கிறது அதுதான். எங்கட மட்டக்களப்புப் பொது நூலகத்துல ஒரு மூலை, கிழமைக்கு ஒரு பின்னேரம். ஜப்பான் தட்டு மட்டும் எண்டு இல்ல, 70கள்ல வந்த எங்கட தமிழ் பொப் தட்டுகள் எத்தினை வீட்டு அலுமாரியில தூசி பிடிச்சுக் கிடக்கு, அதையும் கொண்டு வாங்க. ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்காதீங்க, புத்தகம் மாதிரி நிமித்தி வெச்சாத்தான் வளையாது.

மட்டக்களப்புல இதக் கேக்க ஆள் வருமா எண்டு ஒரு கூட்டாளி கேட்டான். நிலவு நாள்ல தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மற்றத் தலைப்புல காது வெச்சு மீன் பாடுறதக் கேட்ட சனம் நாங்க, ஏன் வராது?

என்ட பிளேயரையும் கையில இருக்கிற ஏழு தட்டையும் கொண்டு வந்து வெக்க நான் தயார். நூலகத்துக்குப் பொறுப்பானவங்க இதப் பாத்தா, எந்தக் கிழமை எண்டு மட்டும் உங்கட பேப்பர்லயே ஒரு வரி போடுங்க.

இப்படிக்கு,
கல்லடி வாசகர் ஒருவர்