ஜின்களுக்கு மனு எழுதும் ஊரிலிருந்து

ஆர்.கே.புரம், புது டெல்லி

அன்புள்ள மங்கை,

இங்கே எல்லோரும் நலம். நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலம்தானே? கதிர் டிசம்பரில் டெல்லி வருவதாக எழுதியிருந்தாய். விடுதி, ஓட்டல் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம், எங்களோடுதான் தங்க வேண்டும். இவர் ஓய்வு பெற்ற பிறகு காலையில் இங்கிருக்கும் முருகன் கோயில் மலை மந்திருக்குப் போய் வருவதோடு சரி, பேச ஆளில்லாமல் இருக்கிறார். பிள்ளைக்குக் கனமான ஸ்வெட்டர் ஒன்று கொடுத்து அனுப்பு. விருத்தாசலத்து மார்கழியை நினைத்துக்கொண்டு கிளம்பிவிடப் போகிறான்.

அவன் பார்க்க விரும்பும் இடங்களின் பட்டியலையும் படித்தேன். அக்ரசேன் படிக்கிணறு, பூலி பட்டியாரி மஹால், மால்ச்சா மஹால், ஜமாலி கமாலி. ஒன்றுவிடாமல் பேய் இடங்கள்! யூடியூபில் நள்ளிரவு வீடியோக்களைப் பார்த்துத் தயாரித்தது என்றும், இந்தப் பித்தை எப்படித் தெளிய வைப்பது என்றும் கேட்டிருந்தாய். தெளிய வைக்க வேண்டாம், மங்கை. ஜின், யோகினி, ஆவி, மாந்திரீகம் என்று இந்த ஊர் சேர்த்து வைத்திருப்பதையெல்லாம் தேடிப் போகும் ஆசை, கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து எனக்கும் உண்டு. எங்கே போனால் என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

படிக்கிணற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கனாட் பிளேஸுக்குப் பக்கத்தில், ஹெய்லி சாலையை ஒட்டி இருக்கிறது. அடியில் கறுப்புத் தண்ணீர் கிடந்ததாம், எட்டிப் பார்க்கிறவர்களை உள்ளே இழுத்துக்கொண்டதாம். கட்டடம் நல்ல அழகு. ஒரு பெரிய இந்திப் படம் அங்கே எடுக்கப்பட்ட பிறகு கூட்டமும் அதிகம். ஆனால் அந்தக் கதையில் ஆள் கிடையாது. செத்தது யார், என்ன துயரம், அழுதது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. நம் ஊர்ப் பேய்க்கதை அப்படியா இருக்கும்? எந்தப் புளியமரம், யார் வீட்டு மருமகள், மாமியார் என்ன கொடுமை செய்தாள் என்று சொல்லிவிட்டுத்தானே உன் பாட்டி கதையையே தொடங்குவாள்?

மால்ச்சா மஹால் வேறு ரகம். காட்டுக்குள் இருக்கும் வேட்டை மாளிகை அது, 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் கட்டியது. அவத் அரச வம்சத்தின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட விலாயத் பேகம் என்ற பெண்மணி, பல வருடங்கள் மகனோடும் மகளோடும் புது டெல்லி ரயில் நிலையத்து ஓய்வறையிலேயே குடியிருந்தார். கடைசியில் 1985இல் அரசாங்கம் அவர்களுக்கு இந்த இடிந்த மாளிகையை ஒதுக்கியது. மின்சாரம் கிடையாது, தண்ணீர் கிடையாது. அம்மா அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மகன் 2017இல் தனியாகச் செத்துக் கிடந்தார். அதன் பிறகு அது பேய் மாளிகை ஆகிவிட்டது. 2023இல் டெல்லி அரசின் சுற்றுலாத் துறையே பேய் உலா என்று ஆட்களை அழைத்துப் போகத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்பே, 2019இல், ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் விசாரித்து எழுதிவிட்டார்: அவர்கள் அரச குடும்பமே இல்லை, பிரிவினையில் எல்லாவற்றையும் இழந்த ஒரு சாதாரணக் குடும்பம். ஒரு நாடு இரண்டானதில் புத்தி பேதலித்த ஒரு தாய், தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுங்கள் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். கதிர் அங்கே போகட்டும். போவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

இப்போது நான் அவனைக் கட்டாயம் அழைத்துப் போக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். அதுவும் அதே பிரோஸ் ஷா கட்டியதுதான். 1354இல் யமுனைக் கரையில் அவர் எழுப்பிய பிரோஸாபாத்தின் கோட்டை, பிரோஸ் ஷா கோட்லா. பக்கத்திலேயே கிரிக்கெட் மைதானம், எதிர்ப் பக்கம் பத்திரிகை அலுவலகங்கள். வியாழக்கிழமை பிற்பகலில் உள்ளே போனால், பாதி இடிந்த மசூதிக்குக் கீழே இருக்கும் இருட்டறைகளில் ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும். சுவர் மாடங்கள் விளக்குப் புகையேறிக் கறுத்திருக்கும். ரோஜா இதழ், பால், இனிப்பு, சில இடங்களில் பிரியாணிகூட. மாடங்கள் முழுக்கக் கடிதங்கள். உருதுவிலும் இந்தியிலும் எழுதப்பட்டவை, எல்லாம் ஜின்களுக்கு. ஜின்கள் புகையில்லாத நெருப்பிலிருந்து படைக்கப்பட்டவர்கள் என்பது இஸ்லாமிய நம்பிக்கை. ஆனால் வருகிறவர்களில் இந்துக்களும் நிறையப் பேர். குங்குமம் வைத்த பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார்கள்.

போன குளிர்காலத்தில் அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தேன். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே ஒரே கடிதத்தின் ஜெராக்ஸ் பிரதிகள். ஒவ்வோர் அறையாகப் போய் மாடத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார். ஏன் இத்தனை என்று கேட்டேன். "எந்த அறையில் இருப்பவர் காது கொடுப்பார் என்று தெரியாதே அக்கா, அதனால் எல்லோருக்கும் ஒன்று வைத்துவிடுகிறேன்" என்றார். தாளின் மேல் மூலையில் மகனின் பாஸ்போர்ட் அளவுப் படம் ஒட்டியிருந்தது. கீழே வீட்டு எண், சந்து எண், பின்கோடு. அதற்கும் கீழே, பால் பூத்துக்கு எதிர் வீடு என்று அடையாளம். நடுவில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை, அது எனக்கு எழுதியது இல்லையே. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்கோடு சரியாகத் தெரிகிறதா என்று என்னிடம் ஒருமுறை காட்டிக் கேட்டார். தெரிகிறது என்றேன்.

மங்கை, உனக்கு உடனே நம் மணவாளநல்லூர் ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் அங்கே நின்றபோது அந்த ஊர் முருகன், நம் கொளஞ்சியப்பர்தான் நினைவில் நின்றார். வெள்ளைத் தாளில் பெயர், ஊர், விலாசம், குறை எல்லாம் எழுதி, சாமி பாதத்தில் வைத்து எடுத்து, திருநீறோடு பொட்டலமாக மடித்து, முனியப்பர் சன்னிதி வேலில் நூலால் கட்டுவார்களே, அந்தப் பிராது. ஊர் எவ்வளவு தூரமோ அதற்குத் தக்கபடி கிலோமீட்டர் கணக்கில் பணம் கட்ட வேண்டும். காரியம் முடிந்ததும் மறுபடி வந்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். உன் அம்மா ஒருமுறை கட்டியபோது நாம் இருவரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். இருட்டும் மந்திரமும் என்று எல்லோரும் பயப்படும் இடத்துக்கு நம் மக்கள் பயப்படுவதற்காகப் போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் கேட்காமல் விட்ட வழக்கை எடுத்துக்கொண்டு போகிறார்கள். கதிருக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவன் பார்த்துத் தெரிந்துகொள்வான்.

கோட்லாவில் மக்கள் இப்படிக் கூடத் தொடங்கியது 1977இல் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். நெருக்கடி நிலை முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, கோட்லாவுக்கு அதிகத் தொலைவில் இல்லாத துர்க்மான் கேட் பகுதியில் வீடுகளை இடித்தார்கள், எதிர்த்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாமல் நின்ற ஊர், அறுநூறு வருடப் பழைய கோட்டைக்குள் விலாசத்தோடு கடிதம் வைக்கத் தொடங்கியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துப் போகிறது.

அதே கோட்டையின் உச்சியில் அசோகர் தூண் நிற்கிறது. ஜின்களின் தலைவர் அதில்தான் குடியிருக்கிறார் என்று நம்பி, லாட் வாலே பாபா, அதாவது தூணில் இருக்கும் பாபா, என்று கும்பிடுகிறார்கள். தூண் 13 மீட்டர் உயரம், ஒரே கல். இப்போதைய ஹரியானாவில் இருக்கும் தோப்ரா கிராமத்திலிருந்து பிரோஸ் ஷா அதைக் கொண்டுவந்த கதையை, ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீப் என்ற வரலாற்றாசிரியர் விவரமாக எழுதி வைத்திருக்கிறார். சாய்க்கும்போது உடையக் கூடாது என்று சுற்றிலும் இலவம்பஞ்சைக் குவித்தார்கள். தூண் அதன் மேல் சாய்ந்ததும் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார்கள். பிறகு நாணலும் தோலும் சுற்றி, 42 சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றி, சக்கரத்துக்கு 200 பேராகக் கயிறு பிடித்து இழுத்து, யமுனையில் படகேற்றி டெல்லி சேர்த்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பண்டிதர்களை அழைத்துக் கேட்டார்கள், ஒருவராலும் படிக்க முடியவில்லை. பீமன் மாடு மேய்த்த கோல் என்று ஊரில் பேச்சு. 1837இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தைப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நிழலுக்கு வழியெல்லாம் ஆலமரம் வைத்தேன், மாந்தோப்பு வைத்தேன், கிணறு வெட்டினேன், மனிதர்க்கும் விலங்குக்கும் சுகமாக இருக்கட்டும் என்று அசோகர் சொல்கிறார். தூணின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கண்மூடி நிற்கும் பெண்களுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேயே சரியான ஆளிடம் வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

கோட்லா நினைப்பிலேயே கலிங்கத்துப்பரணியை மறுபடி எடுத்துப் படித்தேன். பள்ளியில் தமிழாசிரியர் போர் பாடியதை மட்டும் நடத்திவிட்டு விட்டுவிட்டார். அதில் பேய் முறைப்பாடு என்றே ஒரு பகுதி இருக்கிறதே! பசி தாங்காத பேய்கள் காளியின் முன் நின்று முறையிடுகின்றன. இமயத்தில் வித்தை கற்றுத் திரும்பிய ஒரு முதுபேய் இந்திரசாலம் காட்டுகிறது. குலோத்துங்கன் காலத்திலேயே நம் கவிஞருக்குப் பேய் என்றால் வயிறும் பசியும் உள்ள ஒரு பிறவி. இன்றைய சினிமாவில் மந்திரவாதி வருகிறான், எலுமிச்சம்பழமும் மண்டையோடும் வருகின்றன, காது கிழியச் சத்தம் வருகிறது. அந்தப் பேய்க்கு என்ன குறை என்று கேட்கும் படங்கள் குறைவு. கேட்கும் படம் வந்தால் நான் இப்போதும் டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்ப்பேன்.

ஜன்பத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் கதிர் பார்க்க வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். விருஷானனா யோகினி. யோகினிகள் என்றால் கூட்டமாக வைத்து வழிபடப்பட்ட தாந்திரீகப் பெண் தெய்வங்கள். எருமைத் தலையும் பெண்ணுடலுமாக அமர்ந்திருக்கிறாள், காலடியில் அன்னம். உத்தரப் பிரதேசத்தில் லோகாரி என்ற ஊர்க் குன்றில் சகோதரிகளோடு இருந்தவளைக் களவாடிப் பிரான்ஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே வாங்கி வைத்திருந்தவர் இறந்த பிறகு அவர் மனைவி 2008இல் இந்தியத் தூதரகத்திடம் ஒப்படைத்தார். 2013இல் இவள் நாடு திரும்பினாள். 400 கிலோ எடையாம். அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் பயமே வராது, மங்கை. யாரோ பேசுவதைக் கேட்பதற்காகக் காதைத் தாழ்த்தியதுபோல் இருக்கிறது.

அவள் முன்னால் நிற்கும்போது எனக்கு வருத்தம் காஞ்சிபுரத்தை நினைத்து. பத்தாம் நூற்றாண்டில் காஞ்சிப் பக்கத்தில் ஒரு யோகினி கோயில் இருந்திருக்கிறது. 1920களில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேயில் அந்தச் சிலைகளைக் கண்டெடுத்தார். பாரிஸ் வியாபாரி வழியாக அவை பல நாடுகளுக்குப் பிரிந்து போயின. இன்று ஒருத்தி லண்டனில், ஒருத்தி வாஷிங்டனில், ஒருத்தி டொராண்டோவில். கோயில் எங்கே நின்றது என்பதே நிச்சயமாகத் தெரியவில்லை. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய சகோதரிகள் அவர்கள். கண்ணாடிக்குப் பின்னால், வெள்ளை விளக்கில், தனித்தனியாக இருக்கிறார்கள். அங்கே யாரும் அவர்களிடம் எதையும் கேட்பதில்லை.

நேரம் இருந்தால் ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் நவீன ஓவியக் கூடத்துக்கும் போவோம். கோயம்புத்தூரில் பிறந்து, சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கி வைத்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் வரைந்த சொற்களும் குறியீடுகளும் வரிசையைப் பற்றி அவனிடம் பேச வேண்டும். ஜாதகக் கட்டங்களும் படிக்க முடியாத எழுத்துகளுமாக நிறைந்த ஓவியங்கள். கோட்லா மாடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அவற்றை விளக்கவே வேண்டாம்.

அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. அவன் வரும் வாரத்தில் ஒரு வியாழக்கிழமை இருக்கும்படி டிக்கெட் எடுக்கச் சொல்.

கடைசியாக, உன் வரப்புத் தகராறு. பக்கத்து நிலத்துக்காரர் மறுபடி கல்லை நகர்த்திவிட்டார் என்றும், கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டலாம் என்றால் மகள் சிரிக்கிறாள் என்றும் எழுதியிருந்தாய். கட்டு. வக்கீலிடம் கொடுத்த வழக்கு அதன் போக்கில் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும். எழுதும்போது சர்வே எண்ணையும் நிலத்தின் நான்கு எல்லைகளையும் விடாமல் எழுது. அந்தத் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கதிரிடம் கொடுத்து அனுப்பு. தமிழிலேயே இருக்கட்டும். நானும் அவனுமாகப் போய் மாடத்தில் வைத்துவிட்டு வருகிறோம்.

அன்புடன்,
கமலா