ஆறடி அடுப்படி

அன்புள்ள மீனாவுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. பேத்திக்குப் பல் முளைத்த செய்தியை அத்தையிடம் சொன்னேன். முதல் பல் மேலேயா கீழேயா என்று உடனே கேட்டார். மேலே முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். மறக்காமல் பதில் எழுது, இல்லாவிட்டால் தினமும் என்னைத்தான் பிடுங்குவார். என் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது.

சரி, அடுப்படி விஷயத்துக்கு வருகிறேன். 6 அடி அகலத்தில் என்னத்தைச் செய்வது என்று புலம்பியிருந்தாய். எங்களுடையதும் அதே 6 அடிதான், நீளம் 11. முதலில் வந்த மாடுலர் கிச்சன்காரர் இரண்டு பக்கமும் 2 அடி மேடை, தலைக்கு மேல் வரிசையாக அலமாரி என்று கம்ப்யூட்டரில் படம் காட்டினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. நடுவில் மிஞ்சுவது 2 அடி என்பது படத்தில் எங்கே தெரிகிறது?

எங்கள் மேஸ்திரிதான் காப்பாற்றினார். மொட்டை மாடியில் அதே அளவுக்குச் சாக்பீஸால் கோடு போட்டு, "ரெண்டு பேரும் உள்ளே நின்னு சமைச்சுப் பாருங்கம்மா" என்றார். நான் சாதப் பானையோடு சிங்க்குக்குத் திரும்ப, அத்தை கீழ்த் தட்டில் குனிந்து டப்பா எடுக்க, இருவரும் இடித்துக்கொண்டோம். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் வழியே இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, "பாண்டி ஆடறீங்களா ஆன்ட்டி?" என்றான்.

அன்று சாயங்காலமே ஃபிரிட்ஜ் கூடத்துக்குப் போனது. முதல் வாரம் தயிர் எடுக்க நடந்து நடந்து அலுத்துக்கொண்டேன், இப்போது பழகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் 24 அங்குல மேடை. எதிர்ச் சுவரில் 12 அங்குலத்துக்குக் கடப்பா கல் தட்டுகள். நடுவில் 3 அடி கிடைத்தது. தட்டில் ஆழம் குறைவு என்பதால் டப்பாக்கள் ஒற்றை வரிசையில்தான் நிற்கும். பின்வரிசையில் ஒளிந்து வண்டு வைத்த ரவை இனி கிடையாது.

முன்பு சிங்க் ஒரு கோடி, அடுப்பு மறு கோடி. கஞ்சி வடிக்கக் கொதிக்கும் பானையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இப்போது சிங்க், அதை அடுத்து 3 அடி வெறும் மேடை, அப்புறம் அடுப்பு. அந்த வெறும் மேடையில் எதையும் நிரந்தரமாக வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டமே போட்டிருக்கிறேன். சிலிண்டர் மேடைக்குக் கீழே இருக்கிறது. கதவு போடவில்லை. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். மூடின அலமாரிக்குள் அது வேண்டவே வேண்டாம்.

ஒரு தப்பும் செய்தோம். கிரைண்டருக்குப் பிளக் பாயிண்ட் விட மறந்து, டைல்ஸ் ஒட்டின பிறகு இரண்டை உடைத்தோம். கரண்ட் வேலை முடியாமல் டைல்ஸ்காரரை உள்ளே விடாதே.

மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்காக 1926-ல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் வடிவமைத்த சமையலறை. ரயில் உணவுப் பெட்டியின் அடுப்படியைப் பார்த்து யோசித்தாராம். அளவு 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். கணக்குப் போட்டுப் பார், கிட்டத்தட்ட நம் அடுப்படியேதான்! அரிசி, மாவுக்கெல்லாம் கைப்பிடி வைத்த தனித்தனி இழுப்பறை, உட்கார்ந்து வேலை செய்ய ஸ்டூல். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரே ஒருத்தி நின்று சமைப்பதற்கான இடம். இன்னொரு ஆள் நுழைந்தால் நெருக்கடிதான். நம் வீடுகளில் என்றைக்கு ஒருத்தி மட்டும் சமைத்திருக்கிறோம்?

ஸ்டூலை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். கடைசியில் ஜன்னலடியில் மடக்குப் பலகை ஒன்று, 28 அங்குல உயரத்தில். அத்தை அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வார். மேடை 33 அங்குலம், அவருக்கு எட்டாது. என் சாம்பாரில் புளி தூக்கல் என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே வாசனை பிடித்துச் சொல்லிவிடுகிறார்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? உன் அடுப்படியின் நீள அகலத்தோடு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும், உன் மருமகளின் உயரத்தையும் எழுதிக்கொண்டு வா. சாக்பீஸ் இங்கே மிச்சம் இருக்கிறது.

அன்புடன்,
வசந்தா