விடியற்காலையில் வாய் பிளக்கும் மீன்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேலூர் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவன் நான். கட்லா, ரோகு, மிர்காலுக்குக் கடலைப் புண்ணாக்கும் தவிடும் சரிபாதி கலந்து போடுவது பழைய வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று பூசணம் பிடித்த புண்ணாக்கை வாங்கிப் போடுகிறோமே, அதிலுள்ள அஃப்லாடாக்சின் என்ற பூசண நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும்.

நானும் பட்டவன்தான். போன சித்திரையில் சீக்கிரம் எடை ஏறட்டும் என்று அள்ளிக் கொட்டினேன். தின்றது போக மிச்சம் அடியில் அழுகியது. ஒருநாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அழுகும் தீவனம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும்; இரவெல்லாம் பாசியும் சுவாசிப்பதால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைகிறது. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சியடித்தும் பாதிதான் தேறியது. அப்புறம்தான் துளையிட்ட சாக்கில் தீவனத்தைக் கட்டித் தொங்கவிடப் பழகினேன். மறுநாள் சாக்கைத் தூக்கினால் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

நன்னீர் இறால் விடுபவர்களுக்கு ஒன்று: ஓடு கழற்றிய இறாலுக்கு ஒளிய இடமில்லையென்றால் மற்றவை அதைத் தின்றுவிடும். உடைந்த குழாய், தென்னை மட்டை எதையாவது போட்டு வையுங்கள்.

குட்டை வெட்ட மானியம் தரும் அரசு, தண்ணீரைச் சோதிக்கவும் ஊராட்சிதோறும் ஏற்பாடு செய்யலாமே?

- ஒரு வாசகர், மேலூர்