எம்டனை ஓட்டியது நிலக்கரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1914இல் சென்னைமீது குண்டு பொழிந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதல் உலகப் போர் என்றாலே பிரான்சின் பதுங்குகுழிகளோடு பேச்சை முடித்துவிடுவார்கள். நம் கடற்கரைக்கு அது வந்த இரவை நினைவுபடுத்தியதற்கு நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க வீரமும் மர்மமுமாக இருக்கிறதே தவிர, அந்தக் கப்பல் எதைத் தின்று ஓடியது என்ற கேள்வி எங்கும் எழவில்லை. எம்டனின் கதையில் பாதி நிலக்கரியின் கதை. அதை விட்டுவிட்டால், அது ஏன் தனியாக வங்கக் கடலுக்கு வந்தது, கடைசியில் ஏன் ஒரு பவளத் தீவில் சிக்கியது, எதுவும் விளங்காது.

ஜெர்மனியின் கிழக்காசியக் கடற்படைப் பிரிவு 1914 ஆகஸ்டில் பசிபிக்கின் பகான் தீவில் கூடியது. தளபதி ஃபான் ஸ்பீக்கு இருந்த பெரிய தலைவலி கரிதான். இந்தியப் பெருங்கடலின் கிழக்குப் பகுதியில் ஜெர்மனிக்கு ஒரு துறைமுகம்கூட இல்லை. பெரிய கப்பல்களை எல்லாம் அங்கே கொண்டுபோனால் கரி போட்டு மாளாது. வேகமான சிறிய கப்பல் ஒன்று மட்டும் போனால், பிடிக்கும் கப்பல்களிலிருந்து எடுத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் யோசனை சொன்னார். அப்படித்தான் எம்டன் பிரிந்து வந்தது. துணைக்கு மார்க்கோமானியா என்ற கரிக்கப்பல் ஒன்று.

எம்டனின் அறைகளில் சுமார் 800 டன் கரி கொள்ளும். நிதான வேகத்தில் போனால் அது சுமார் 3,700 கடல் மைல் வரும். எதிரியைக் கண்டு முழு வேகம் எடுத்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அதனால் எப்போதும் வயிறு நிறைய வைத்திருக்க வேண்டிய கட்டாயம். அறை போதாமல் மேல்தளத்திலும் மூட்டைகளை அடுக்கினார்கள். நடுக்கடலில் இரண்டு கப்பல்களை ஒட்டிக் கட்டி, அலையில் இரும்போடு இரும்பு மோதாமல் நடுவே மெத்தைகளைத் தொங்கவிட்டு, மூட்டை மூட்டையாக மாற்ற வேண்டும். வெப்பமண்டல வெயிலில் மாலுமிகள் கரித்தூளில் குளித்த வேலை அது. செப்டம்பர் 10 அன்று முதன்முதலாகப் பிடித்த பிரிட்டிஷ் கப்பலான இண்டஸில் பெட்டி பெட்டியாகச் சோப்பு கிடைத்ததை அவர்கள் கொண்டாடினார்கள் என்றால் காரணம் புரிகிறதல்லவா? எம்டனில் அதற்குள் சோப்பு தீரும் நிலைக்கு வந்திருந்தது.

எல்லாக் கரியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பொண்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலில் அவர்களுக்குக் கிடைத்தது வங்காளக் கரி. அது அடர்ந்த புகை கக்கும். அடுப்பில் கட்டி கட்டியாகக் கசடு தங்கும். எடைக்குத் தக்க சூடு வராது. மறைந்து வேட்டையாடும் கப்பலுக்குத் தொடுவானம் வரை தெரியும் புகையை விடப் பெரிய விரோதி இல்லை. செப்டம்பர் 27 அன்று இலங்கைக்கு மேற்கே பிடிபட்ட பியூரெஸ்க் கப்பலில்தான் ஆறாயிரம் டன்னுக்கும் மேல் முதல்தரமான வேல்ஸ் கரி இருந்தது. ஹாங்காங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைக்காகப் போன சரக்கு அது!

இனி சென்னை. செப்டம்பர் 10 முதல் 14க்குள் கல்கத்தா கடல்வழியில் எம்டன் ஒன்றன்பின் ஒன்றாகக் கப்பல்களைப் பிடித்தது. டிப்ளமாட்டில் தேயிலை, கிளான் மாத்தசனில் ரயில் எஞ்சின்களும் மோட்டார் கார்களும். எல்லாம் கடலடிக்குப் போயின. பிடித்தவர்களைக் கொல்லவில்லை. கபிங்கா என்ற கப்பலில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். பிறகு எம்டன் ரங்கூன் பக்கம் போனது. அங்கே ஒரு நார்வே கப்பலில் மிச்சமிருந்த கைதிகளை ஏற்றிவிட்டது. ஆக, கடைசியாகத் தகவல் வந்த இடம் பர்மாக் கரை. சென்னை விளக்கணைக்காமல் இருந்ததை வெறும் அலட்சியம் என்று உங்கள் கட்டுரை சாடுவது முழுக்க நியாயமில்லை. ஆனாலும் உயர்நீதிமன்றக் கோபுரத்தில் அப்போது இருந்த கலங்கரை விளக்கம் தாக்குதல் நடந்த இரவிலும் எரிந்தது உண்மை. இருட்டில் வரும் கப்பலுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி வேண்டியதில்லை.

இரவு ஒன்பதரை மணி அளவில், கரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் எம்டன் நின்றது. தேடுவிளக்கைப் போட்டுத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைப் பார்த்தது. விளக்கை அணைத்துச் சுட்டது. 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகளிலிருந்து ஏறத்தாழ 130 குண்டுகள். நீங்கள் எழுதியது போல 'விடிய விடிய' அல்ல, அரை மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் எம்டன்மீது ஒன்றும் படவில்லை. சுமார் மூன்றரை லட்சம் கேலன் எண்ணெய் எரிந்தது. சில குண்டுகள் உயர்நீதிமன்ற வளாகம் வரை வந்தன. அந்த மதிலில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது.

ஏன் அத்தோடு நிறுத்தினார்கள்? கரியைக் கடலில் கொள்ளையடிக்கலாம், பீரங்கிக் குண்டைக் கொள்ளையடிக்க முடியாது. ஜெர்மன் அளவுக் குண்டு எந்தச் சரக்குக் கப்பலிலும் வராது. சுட்டது சுட்டதுதான், ஈடு கிடையாது. ஊரை அழிப்பது முல்லரின் நோக்கமே அல்ல. பிரிட்டிஷ் கடற்படை காவல் இருக்கிறது என்ற நம்பிக்கையை உடைப்பதுதான் நோக்கம். அதில் அவர் வென்றார். அடுத்த நாட்களில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறி வெளியூர்களுக்கு ஓடினார்கள். துறைமுகங்களில் கப்பல்கள் நகராமல் நின்றன. எரிந்த எண்ணெயைவிடப் பெரிய நஷ்டம் இந்த நின்றுபோன வணிகம்தான். கெட்டிக்காரனை, பொல்லாதவனை 'எம்டன்' என்று தமிழில் சொல்லும் வழக்கம் பிறந்ததும் அந்தக் கிலியில்தான்.

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார் என்று கட்டுரை உறுதியாகச் சொல்கிறது. தயவுசெய்து இதைத் திருத்துங்கள். எம்டன் 1910 ஏப்ரலில் ஜெர்மனியை விட்டுப் புறப்பட்டது. அதன்பின் திரும்பவே இல்லை. போர் மூளும்வரை அதன் இருப்பிடம் சீனக் கரையிலிருந்த சிங்டாவ். செண்பகராமனோ 1914இல் சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு நடத்திக்கொண்டிருந்தார், பிறகு பெர்லின் போனார். போர் தொடங்கிய பின் ஐரோப்பாவிலிருந்து கிளம்பிப் பாதிக் கடலில் எம்டனில் ஏறுவதற்கு வழியே கிடையாது. ஐரோப்பாவில் அவர் செய்த வேலையே அவருக்குப் போதுமான பெருமை. இல்லாத பயணத்தைச் சேர்த்தால் இருக்கும் பெருமையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

முடிவுக்கும் கரிதான் சாட்சி. அக்டோபர் 12 அன்று சுமத்ரா அருகே மார்க்கோமானியாவைப் பிரிட்டிஷ் கப்பல் யார்மத் மூழ்கடித்தது. பொண்டோபோரோஸும் கைவிட்டுப் போனது. மிஞ்சியது பியூரெஸ்க். அக்டோபர் 28 அன்று பினாங்கில் ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை அழித்த எம்டன், நவம்பர் 9 காலை இந்தியப் பெருங்கடலிலுள்ள கோகோஸ் தீவுகளின் டைரக்‌ஷன் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க 50 பேரை இறக்கியது. கரி ஏற்றுவதற்காகப் பியூரெஸ்க்கைக் கம்பியில்லாத் தந்தியில் கூப்பிட்டதைத் தந்தி நிலையம் கேட்டுவிட்டது. அந்நியக் கப்பல் வந்திருப்பதாக உலகுக்கு அறிவித்தும்விட்டது. ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிய கப்பல் கூட்டம் சுமார் 50 கடல் மைலில் போய்க்கொண்டிருந்தது. அதிலிருந்து சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் பிரிந்து வந்தது. தொடுவானத்தில் புகை தெரிந்தபோது எம்டனில் இருந்தவர்கள் பியூரெஸ்க் கரியோடு வருகிறது என்றே நினைத்தார்கள். உண்மை தெரிந்தபோது கரையிறங்கிய ஆட்களை ஏற்ற நேரமில்லை. பீரங்கிகளுக்குப் பழகிய கைகள் குறைந்த நிலையில் சண்டைக்குப் போனார்கள். எம்டனின் குண்டு 16, 17 கிலோ. சிட்னியுடையது 45 கிலோ. வேகத்திலும் சிட்னிதான் மேல். முதலில் சிட்னியின் தூரமானி ஒன்றை எம்டன் உடைத்தது என்றாலும், இரண்டு மணி நேரத்துக்குள் முல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்ற வேண்டியதாயிற்று. எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், சிட்னியில் 4 பேர்.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். உங்கள் ஓவியர் எம்டனுக்கு நான்கு புகைபோக்கி வரைந்திருக்கிறார். அதற்கு இருந்தது மூன்றே. நான்காவது, யார்மத் கப்பலைப் போலத் தோன்றுவதற்காக மாலுமிகள் கட்டிய பொய்ப் புகைபோக்கி. பினாங்குக்குள் நுழைந்தது அந்த வேடத்தில்தான். படத்துக்குக் கீழே அதைக் குறிப்பிடுங்கள். இன்னொன்று, சென்னைத் தாக்குதலில் குறைந்தது 5 பேர் இறந்தார்கள். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற கப்பலில் குண்டு பாய்ந்ததே அதற்கு முக்கியக் காரணம். முல்லரின் பெருந்தன்மைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிய கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை. அடுத்த இதழில் அந்த ஒரு வரியையாவது சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை