சமையலறைக்கு ஒரு வெளிச்சம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய புது வீட்டு வரைபடத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 20 அடி அகலம், 50 அடி நீளம், இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நடுவில் இருக்கும் சமையலறைக்கு ஒரு சன்னல்கூட இல்லையே, தாயி!

அந்தத் தவறை நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன். நம் பழைய ஓட்டு வீட்டில் அடுப்படிக்கு மேலே உன் தாத்தா ஒரே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார். காலையில் மேற்குச் சுவரில் விழும் வெயில் கட்டம் மெல்ல இறங்கி அம்மிக்கு வந்தால், அப்பத்தா உலை வைப்பார். 1994-இல் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டேன். அந்தக் கண்ணாடி ஓட்டின் நினைவே எனக்கு வரவில்லை. பிறகு கடைசிவரை அப்பத்தா அரிசியில் கல் பொறுக்க முறத்தோடு வாசலுக்குத்தான் வந்தார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

தளத்தில் திறப்பு விட்டுக் கண்ணாடி மூடலாம் என்கிறாராம் உன் பொறியாளர். மதுரையில் அது வேண்டாம். சித்திரை பிறந்ததும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். ஆவணியில் மறுபடியும் அப்படியே. படுத்த கண்ணாடி வழியே அத்தனை வெயிலும் அடுப்படியில் இறங்கிவிடும்.

மாடிப்படியைச் சமையலறைக்கு அருகே நகர்த்து. மேலே ஹெட்ரூமின் (மொட்டைமாடியில் படிக்கு மேல் எழுப்பும் சிறு அறை) வடக்குச் சுவரில் அகலமாகக் கண்ணாடி வை. வைகாசி, ஆனியில் சூரியன் சற்று வடக்கே சாய்வதால் அதற்கு ஒரு சன்ஷேடு அவசியம். கண்ணாடிக்கு மேல் காற்றுப் போக்கிகள் இருந்தால் வீட்டின் அனல் மேலேறி வெளியேறும். படிகளின் இரு வரிசைக்கும் நடுவே இரண்டடி இடைவெளி விடச் சொல். அந்த வழியாகத்தான் வெளிச்சம் கீழே வரும். சுவருக்கு வெள்ளை தவிர வேறு நிறம் வேண்டாம். வெள்ளைச் சுவர் தன்மேல் படும் ஒளியில் பத்தில் எட்டுப் பங்கைத் திருப்பித் தரும். நீ ஆசைப்படும் அடர்நீலம் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதைப் படுக்கையறையில் பூசிக்கொள்.

படியை நகர்த்தினால் தூண்களும் மாறும். அதனால் அடித்தளத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே பொறியாளரிடம் பேசிவிடு. நாள் குறித்ததும் சொல், முந்தின நாளே நான் அங்கே இருப்பேன்.

அன்புடன்,
அப்பா