மெட்டல் கேட்பவன் பாப் கேட்டால் என்ன வேடிக்கை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மெட்டல் எனும் அதிரடிக் கிட்டார் இசையின் ரசிகர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. கடைசிப் பத்திகளில்தான் சறுக்கிவிட்டது. கறுப்புச் சட்டையும் நீள முடியுமாகத் திரிகிறவர்கள் வீட்டுக்குள் எண்பதுகளின் பாப் பாடல்களை முணுமுணுப்பதைக் கட்டுரையாளர் ஒரு வேடிக்கையாக எழுதியிருந்தார். பழைய நினைப்பு, கொஞ்சம் கிண்டல், அவ்வளவுதான் காரணம் என்று முடித்தும் விட்டார். இரண்டையும் பல காலமாகக் கேட்டு வருகிறவன் என்பதால் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் பழைய நினைப்பு. எண்பதுகளில் பிறந்தேயிராத மெட்டல் ரசிகர்கள் அக்காலத்து பாப் குழுக்களான டெபேஷ் மோடையும் டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸையும் உருகி உருகிக் கேட்கிறார்களே, அவர்களுக்கு எந்தப் பள்ளிக்கால ஞாபகம்? சரி, கிண்டலா என்று பார்த்தால் அதுவும் பொருந்தவில்லை. சிரிப்புக்காகப் பாப் பாட்டை எடுத்துக் கூச்சலாகப் பாடிவைக்கிற குழுக்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. நின்றவை எல்லாம் முகத்தில் சிரிப்பே இல்லாமல் செய்தவை. ஸ்வீடனின் மெட்டல் குழு இன் ஃபிளேம்ஸ் 1997-இல் டெபேஷ் மோடின் பாட்டு ஒன்றைத் தன் பாணியில் பாடி ஆல்பத்தில் வைத்தது. அடுத்த ஆண்டு ராம்ஸ்டைன் இன்னொன்றை எடுத்தது. 2006-இல் லகூனா காயில் மற்றொன்று. பாரடைஸ் லாஸ்ட் ஒருபடி மேலே போய், 1999-இல் ஒரு முழு ஆல்பத்தையே டெபேஷ் மோட் சாயலில் போட்டுப் பழைய ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. கேலி செய்கிறவன் அவ்வளவு தூரம் போகமாட்டான்.

அப்படியானால் என்னதான் ஈர்ப்பு? ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். பாப் இரட்டையர் பெட் ஷாப் பாய்ஸ் 1987-இல் வெளியிட்ட 'இட்ஸ் எ சின்'. கீபோர்டையும் டிரம் ஓசையையும் மனதுக்குள் ஒதுக்கிவிட்டு அடியில் ஓடும் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) மட்டும் கவனியுங்கள். சி மைனரில் தொடங்கி எஃப் மைனர், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட் என்று படி படியாக ஒரே கணக்கில் நகர்ந்து, ஒரு சுற்று வந்து, மறுபடி வீட்டுக்குத் திரும்பத் துடிக்கும் இடத்தில் நிற்கும். இது பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் விவால்டி காலத்து வழக்கம். மெட்டலில் வேகமும் இனிய மெட்டும் கலந்த வகையான பவர் மெட்டல் குழுக்களுக்கோ அன்றாடச் சாப்பாடு. பாட்டின் பொருளைப் பாருங்கள்: கத்தோலிக்கப் பள்ளியில் படித்த ஒருவர், தான் செய்தது, செய்வது, செய்யப்போவது எல்லாமே பாவம் என்று தலையில் அடித்துக்கொள்வது. இடிமுழக்கம் வேறு. இதில் மெட்டல் இல்லாதது கிட்டார் மட்டும்தான்! ஜெர்மனியின் பவர் மெட்டல் குழு காமா ரே 1999-இல் அந்தக் கிட்டாரைச் சேர்த்தது. 2018-இல் கோஸ்ட் குழு அதே பாட்டை எடுத்தபோது, கர்தினால் வேடம் கட்டிய பாடகர் அதைப் பாடினார். வேடத்துக்கென்றே எழுதிய பாட்டைப்போல உட்கார்ந்துவிட்டது.

மிகையை வெட்கமில்லாமல் செய்வதுதான் இந்த இரண்டு இசைக்கும் உள்ள உறவு என்பது என் எண்ணம். சோகம் என்றால் உலகமே அழிகிற சோகம். காதல் என்றால் பல்லவியில் கூரை பிய்ந்து போக வேண்டும், கடைசிச் சுற்றில் சுருதியை ஒரு படி ஏற்றினாலும் தப்பில்லை. தொண்ணூறுகளில் வந்த பலருக்கு இதெல்லாம் கூச்சமாகிவிட்டது. தோளைக் குலுக்கிக்கொண்டு, பட்டும் படாமலும் பாடுவதுதான் நாகரிகம் என்று ஆனது. மெட்டல் மட்டும் அந்தக் கூச்சத்தைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அதனால்தான் மெட்டல் ரசிகனின் காதுக்கு எண்பதுகளின் பாப் சொந்த பாஷையாகக் கேட்கிறது.

ஓசையிலும் இரண்டும் ஒரே பட்டறையில் அடித்தவைதான். எண்பதுகளின் அந்த 'டொம்ம்' என்று பெருகி, பட்டென்று அறுந்துபோகும் டிரம் ஒலி, லண்டனின் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோவில் பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தபோது பிறந்தது. வாசிப்பவர் பேசுவது கேட்கட்டும் என்று வைத்திருந்த மைக்கை ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம் திறந்தபோது ஃபில் காலின்ஸ் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தார். அந்த மைக்கின் கம்ப்ரெஸர் (சிறிய ஒலியையும் பெரிய ஒலியையும் சமன் செய்யும் கருவி) அறையின் முழக்கத்தை ஊதிப் பெருக்கியது. அதன் வாலை, ஒலி தாழ்ந்ததும் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் என்ற கருவி கொண்டு நறுக்கிவிட்டார்கள். மறு ஆண்டே காலின்ஸின் சொந்தப் பாட்டில் அது உலகம் முழுக்கக் கேட்டது. பிறகு பாப், ராக், மெட்டல் என்று பேதமில்லாமல் எல்லோரும் அதன்மேல் பாய்ந்தார்கள். (கொஞ்சம் அதிகமாகவே பாய்ந்தார்கள். சில ஆல்பங்களில் டிரம்மைத் தவிர வேறெதுவும் காதில் விழுவதில்லை.)

ஆட்களைப் பார்த்தாலும் வேலி எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்' பாட்டில் வரும் கிட்டார் சோலோ ஹார்டு ராக் கலைஞர் எடி வான் ஹேலன் வாசித்தது. காசு வாங்காமல் வாசித்தார். 1984 தொடக்கத்தில் அவருடைய குழுவின் சொந்த ஆல்பம் வந்து, அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. முதலிடத்தை விடாமல் பிடித்துவைத்திருந்தது 'பீட் இட்' இடம்பெற்ற, அவரே வாசித்துக்கொடுத்த ஜாக்சனின் ஆல்பம் 'திரில்லர்'! ராக் குழுவான டெஃப் லெப்பர்டின் தயாரிப்பாளர் மட் லாங்குக்கோ 'திரில்லர்' மாதிரி ஒரு ராக் ஆல்பம் செய்ய வேண்டும், ஒவ்வொரு பாட்டும் தனியாக வெளியிடும் தரத்தில் இருக்க வேண்டும் என்ற வெறி. 1987-இல் வந்த 'ஹிஸ்டீரியா'விலிருந்து ஏழு பாடல்கள் தனித்தனியாக வெளிவந்தன. 'திரில்லர்' கணக்கும் அதே ஏழுதான்.

இவர்களையெல்லாம் பாதி பாப் ஆட்கள் என்று தள்ளிவிடலாம் என்பவர்களுக்காக ஜூடாஸ் ப்ரீஸ்ட். தோல் உடுப்பும் சங்கிலியுமாக மெட்டலுக்கு உருவம் கொடுத்த குழு. பாப் பாடகர்களான ரிக் ஆஸ்ட்லிக்கும் கைலி மினோக்குக்கும் பாட்டுப் போட்டுக்கொடுத்த ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் மூவர் அணியோடு 1988-இல் உட்கார்ந்து மூன்று பாடல்களைப் பதிவு செய்தது. ரசிகர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயமோ என்னவோ, அவற்றை அந்த ஆண்டு வந்த ஆல்பத்தில் சேர்க்கவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. 1985-இல் வாஷிங்டனில் அரசியல் பிரமுகர்களின் மனைவியர் சேர்ந்து பிள்ளைகளைக் கெடுக்கும் பாடல்கள் என்று பதினைந்தைப் பட்டியல் போட்டார்கள். அதில் மெட்டல் குழுக்களான வெனம், மெர்சிஃபுல் ஃபேட், ஜூடாஸ் ப்ரீஸ்ட் இருந்தன. பாப் பாடகிகள் மடோனா, சிண்டி லாப்பர், ஷீனா ஈஸ்டனும் இருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, முதல் இடத்தில், பாப் பாடகர் பிரின்ஸ். அந்த அம்மையார்கள் ஒரே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர்களின் பாட்டை ஒருவன் சேர்த்துக் கேட்டால் உங்கள் கட்டுரையாளருக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

எண்பதுகளின் பாப் எல்லாமே தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே பார்த்தாலும் நுழைந்து வழியும் அந்த சாக்ஸபோனை இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மெட்டல் நண்பர்களிலும் பாப்பைக் கண்டாலே எரிந்து விழுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது நார்வேயின் உல்வர். 1997-இல் காதைக் கிழிக்கும் பிளாக் மெட்டல் போட்ட அதே குழு, 2017-இல் முழுக்க முழுக்க சின்த்பாப்பில் (கீபோர்டே பிரதானமான பாப்பில்) ஓர் ஆல்பம் போட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு வந்து சண்டை போடட்டும்.

கடைசியாக, கட்டுரையோடு நீங்கள் அச்சிட்டிருந்த 'மெட்டல் ரசிகர்கள் விரும்பும் பாப் பாடல்கள்' பெட்டி. அதில் பாதி இடத்தை யூரோப்பும் பான் ஜோவியும் பிடித்திருந்தார்கள். இரண்டும் கிட்டார் குழுக்கள், மெட்டல் ரசிகன் அவற்றைக் கேட்பது செய்தியே இல்லை. மறுபடி அப்படியொரு பெட்டி போட்டால் அவற்றை எடுத்துவிட்டு, டெபேஷ் மோடின் 1986 ஆல்பமான 'பிளாக் செலிப்ரேஷ'னிலிருந்து இரண்டு பாட்டாவது சேருங்கள். ராம்ஸ்டைன் எடுத்த பாட்டும் அதில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்