அவளுக்குப் பெயர் என்ன? – தமிழ் இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழிவாங்கும் கதைகளைப் படமாக்கும் தமிழ் இயக்குநர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

திருச்சியில் நானும் நண்பர்கள் சிலரும் ஒரு சிறிய திரைப்படக் கழகம் நடத்தி வருகிறோம். மாதம் ஒரு படம். வாடகைக்கு எடுத்த கூடம், ஐம்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு புரொஜெக்டர்; படம் முடிந்ததும் தேநீர், அதன்பின் பேச்சு. போன மாதம் 'தி பிக் ஹீட்' திரையிட்டோம். ஃபிரிட்ஸ் லாங் இயக்கி 1953இல் வெளிவந்த அமெரிக்கப் படம். ஒன்றரை மணி நேரம்தான். விளக்கைப் போட்டதும் வழக்கமாக ஒளிப்பதிவைப் பற்றி யாராவது ஆரம்பிப்பார்கள். அன்று முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். "அந்தக் குழந்தையை இனி யார் வளர்ப்பார்கள்?" என்று கேட்டார்.

கூடத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எழுப்பும் இந்தக் கேள்வியை, நம்முடைய பழிவாங்கும் படங்கள் ஏன் எழுப்புவதில்லை? எழாமல் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் என் குறை. அதைச் சொல்லவே இந்த மடல்.

கதை உங்களுக்குப் புதிதல்ல. டேவ் பேனியன் கொலை வழக்குகளை விசாரிக்கும் போலீஸ் சார்ஜென்ட். ஊரே லகானா என்ற ரவுடித் தலைவனின் பிடியில் இருக்கிறது. போலீஸ் கமிஷனரே அவன் ஆள். பேனியன் விடாமல் துருவுகிறான். அவன் காரில் குண்டு வைக்கிறார்கள், மனைவி செத்துப்போகிறாள். மேலிடம் கையை விரித்ததும் பேட்ஜைக் கொடுத்துவிட்டு, துப்பாக்கி என் சொந்தக் காசில் வாங்கியது என்று சொல்லி அதை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாளாகக் கிளம்புகிறான். இதே கதையில் நாம் எத்தனை படம் பார்த்திருக்கிறோம்! கதை பழையது என்பது ஒரு குற்றமே இல்லை. அந்தக் கதையில் யார் யார் சாகிறார்கள், அந்தச் சாவை யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதில்தான் லாங் எங்கோ நிற்கிறார், நாம் எங்கோ நிற்கிறோம்.

பேனியனின் மனைவி கேட்டியைப் பாருங்கள். நடித்தவர் ஜோசலின் பிராண்டோ, மார்லன் பிராண்டோவின் அக்கா. அவர் திரையில் இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் சில நிமிடங்கள்தான் தேறும். அதற்குள் லாங் ஒரு குடித்தனத்தையே காட்டிவிடுகிறார். கணவன் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறான். அவன் தட்டிலிருக்கும் இறைச்சியில் அவள் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடுகிறாள். அவன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடிக்கிறாள். அவன் சிகரெட்டை வாங்கி ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறாள். காதல் வசனம் என்று ஒன்றுகூட இல்லை. பாட்டும் இல்லை. பல ஆண்டு பழகிய இரண்டு பேரின் கைகள் ஒரே தட்டில் சாதாரணமாகப் புழங்குகின்றன, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் இருவரும் வெளியே போகத் திட்டம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணை அழைத்துவரக் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு அவள் வெளியே போகிறாள். அவன் மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். ஜன்னலில் ஒரு வெளிச்சம், ஒரு சத்தம். குண்டு வெடிப்பதைக் கேமரா போய்ப் பார்க்கவில்லை. அந்த நொடியில் அது கதை கேட்டுக்கொண்டிருந்த குழந்தையின் பக்கத்தில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் படத்தை முதல் நாள் இரவுக் காட்சியில் பார்த்தேன். பெயர் வேண்டாம். இடைவேளைக்குச் சற்று முன் நாயகனின் மனைவியை வீடு புகுந்து கொல்கிறார்கள். கேமரா அவளுடைய காயங்களை ஒவ்வொன்றாகக் காட்டியது. பிணத்தின் அருகே குனிந்திருந்த நாயகன் மெல்ல நிமிர்ந்தான், பின்னணி இசை எகிறியது, அரங்கமே விசிலடித்தது. ஒரு பெண் செத்துக் கிடக்கும்போது ஐந்நூறு பேர் மகிழ்ச்சியில் கத்தினார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் கத்தும்படிதான் காட்சி கட்டப்பட்டிருந்தது. மறுநாள் என் தங்கைக்குக் கதை சொன்னபோது அந்த மனைவியின் பெயர் எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. வில்லன் வந்திறங்கிய காரின் நிறம் நினைவிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கும் கொஞ்சம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'தி பிக் ஹீட்' படத்தில் நான்கு பெண்கள் சாகிறார்கள். நான்கு சாவிலும் நாயகனுக்கு ஒரு பங்கு இருக்கிறது. இதை எங்கள் கூடத்தில் ஓர் இளைஞர்தான் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். படத்தை நான்காவது முறையாகப் பார்த்த நான் அதுவரை எண்ணவில்லை.

முதலில் லூசி சாப்மன். தற்கொலை செய்துகொண்ட ஒரு போலீஸ்காரரின் காதலி. அவர் தற்கொலை செய்துகொள்ளும் மனநிலையில் இல்லை என்று பேனியனிடம் சொல்கிறாள். அவள் மதுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். இறந்தவரின் மனைவியோ மரியாதையான வீட்டுப் பெண். நேர்மையான நம் நாயகன் மரியாதையான பெண்ணை நம்புகிறான், மதுக்கூடத்துப் பெண்ணைத் தட்டிக்கழிக்கிறான். சீக்கிரமே அவள் பிணமாகக் கிடக்கிறாள், உடம்பில் சிகரெட் சூடுகளோடு. உண்மை பேசியவள் அவள்தான். பொய் சொன்னவள் அந்த மனைவி: கணவன் எழுதிவைத்த வாக்குமூலத்தை எடுத்து ஒளித்துவைத்து, அதைக் காட்டியே லகானாவிடம் பணம் கறப்பவள். அடுத்தது கேட்டி. வீட்டுக்கு வந்த மிரட்டல் தொலைபேசிக்குப் பதிலாகப் பேனியன் நேரே லகானாவின் மாளிகைக்குப் போய் அவன் அடியாளை அடித்துப்போட்டுவிட்டு வருகிறான். நம் படமாக இருந்தால் அங்கே கைதட்டல் விழும். இங்கே அந்த அடிக்குப் பதிலாகக் குண்டு வருகிறது.

டெபியைப் பற்றி எழுதாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத முடியாது. குளோரியா கிரஹாம் நடித்தது. லகானாவின் வலக்கையான வின்ஸ் ஸ்டோனின் காதலி. கண்ணாடி முன் நிற்பதும் சிரிப்பதும் செலவழிப்பதுமாக இருப்பவள். பேனியனோடு அவள் பேசிவிட்டு வந்தது தெரிந்ததும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த காபியை ஸ்டோன் அவள் முகத்தில் ஊற்றுகிறான். லீ மார்வின் ஸ்டோனாக நடித்திருக்கிறார். இந்தக் காட்சியை எடுத்த விதத்தைத் தயவுசெய்து பாருங்கள். கொதிக்கும் பாத்திரம் தெரிகிறது. அவன் கை அதை எடுக்கிறது. பிறகு அவள் அலறல் கேட்கிறது. காபி முகத்தில் படுவதை நாம் பார்ப்பதே இல்லை. ஆனால் படம் பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்ததாகவே சொல்வார்கள். அதே அறையில் சீட்டாடிக்கொண்டிருப்பவர் யார் தெரியுமா? போலீஸ் கமிஷனர். முகம் வெந்துபோன பெண்ணை மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லி ஸ்டோன் அவருக்கு உத்தரவு போடுகிறான், அவர் கூட்டிப்போகிறார். ஊர் எந்த அளவுக்குக் கெட்டுக் கிடக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்த வசனத்தில் சொல்வீர்கள்?

அதன் பிறகு நடப்பதுதான் என்னைத் தூங்கவிடாத பகுதி. அந்த மரியாதையான விதவை செத்தால் வாக்குமூலம் வெளியே வரும், லகானாவின் கதை முடியும் என்பது பேனியனுக்குத் தெரியும். அவள் கழுத்தை நெரிக்கும் அளவுக்குப் போய்விட்டு, போலீஸ்காரர்கள் வந்துவிட, கொல்லாமல் திரும்புகிறான். இதைக் காயக்கட்டோடு படுத்திருக்கும் டெபியிடம் சொல்கிறான். கொன்றிருந்தால் உனக்கும் ஸ்டோனுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்று அவள் சொல்கிறாள். போகும்போது பாதுகாப்புக்கென்று ஒரு துப்பாக்கியை அவளிடம் விட்டுவிட்டுப் போகிறான். நாயகன் செய்யாமல் விட்ட அந்த விதவையின் கொலையை அந்தத் துப்பாக்கியால் டெபி செய்கிறாள். ஸ்டோனுக்கும் காபியாலேயே பதில் சொல்கிறாள். அவன் சுட, செத்துப்போகிறாள். பேனியன் அந்த ஸ்டோனைத் துப்பாக்கி முனையில் நிறுத்தி, கடைசி நொடியில் சுடாமல் கையை இறக்குகிறான். அவன் கையில் இரத்தக் கறை இல்லை. ஏன் இல்லை என்பதைப் படம் நமக்கு ஒளிக்காமல் காட்டியிருக்கிறது: அந்தக் கறையை ஒரு பெண் தன் மேல் வாங்கிக்கொண்டாள்.

லாங் இதைத் தற்செயலாகச் செய்யவில்லை. வியன்னாவில் பிறந்து, பெர்லினில் படம் எடுத்து, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர் அவர். 1931இல் எடுத்த 'எம்' படத்தில் குழந்தைகளைக் கொன்றவனைத் திருடர்களும் ரவுடிகளும் பிடித்துத் தாங்களே நீதிமன்றம் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் அவர் எடுத்த முதல் படமான 'ஃப்யூரி' 1936இல் வந்தது. குற்றமற்ற ஒருவனைச் சிறையோடு சேர்த்து எரிக்கத் திரளும் கூட்டத்தின் கதை. சட்டத்தைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் யோசித்த மனிதர் எடுத்த படம் இது. காலமும் அதற்கு ஏற்றதாக இருந்தது. 1950, 51இல் செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு அமெரிக்க நகரங்களில் ரவுடிகளின் சாம்ராஜ்யத்தை விசாரித்தது. நியூயார்க் விசாரணையைத் தொலைக்காட்சியில் மக்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஃபிராங்க் காஸ்டெல்லோ என்ற பெரிய தாதா தன் முகத்தைக் காட்டக் கூடாது என்று மறுத்ததால், கேமரா அவர் கைகளை மட்டும் காட்டியது. 'தி பிக் ஹீட்' படத்தின் முதல் காட்சியில் மேஜைமேல் ஒரு துப்பாக்கி. ஒரு கை நீண்டு அதை எடுக்கிறது. அந்தக் கைகளைப் பார்த்துப் பழகியிருந்த மக்களுக்கு இந்தக் கை என்ன சொல்லியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேனியன் தனியாள் என்றேன். உண்மையில் அவன் தனியாள் இல்லை. பழைய கார்களை உடைத்து விற்கும் கிடங்கில் வேலை பார்க்கும், கைத்தடி ஊன்றி நடக்கும் ஒரு பெண், முதலாளிக்குத் தெரியாமல் வேலிக்கருகில் வந்து அவனுக்குத் துப்புக் கொடுக்கிறாள். குண்டு வைத்தவனை அவன் பிடிப்பது அதனால்தான். அவன் மகளுக்குக் கொடுத்திருந்த போலீஸ் காவலை மேலிடம் விலக்கிக்கொண்ட இரவில், மைத்துனர் தன்னோடு ராணுவத்தில் இருந்த பழைய நண்பர்களைக் கூப்பிட்டு வீட்டைக் காக்கிறார். பதறியடித்துக்கொண்டு படியேறி வரும் பேனியனையே அவர்களில் ஒருவர் இருட்டில் மறித்து நிறுத்துகிறார். யார் இவர்கள்? கூலிக்கு வந்தவர்கள் இல்லை, வீரர்களாகத் தங்களைக் காட்டிக்கொள்பவர்களும் இல்லை. நண்பனின் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஆபத்து என்றதும் வந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் படத்திலேயே துணிச்சலானவர்கள் அந்தக் கைத்தடிப் பெண்ணும் இவர்களும்தான். நம் படங்களில் இந்த மாதிரி மனிதர்கள் நாயகன் வரும்வரை நடுங்கிக்கொண்டு நிற்பார்கள், வந்தபின் கைகூப்புவார்கள்.

பார்வையாளர்கள் இதைத்தான் கேட்கிறார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். 'தி பிக் ஹீட்' விருதுக்காக எடுத்த படம் இல்லை. ஒரு வார இதழில் தொடராக வந்த கதையை வாங்கி, கொலம்பியா நிறுவனம் டிக்கெட் விற்க எடுத்த சாதாரண வணிகப் படம்தான். 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. சண்டை இருக்கிறது, துப்பாக்கி இருக்கிறது, விறுவிறுப்புக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் கூடத்தில் ஒருவரும் நடுவில் எழுந்து போகவில்லை.

பழிவாங்கும் கதையே எழுதாதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கதைகள் பிடிக்கும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான். அடுத்த கதையில் நாயகனின் மனைவியையோ தங்கையையோ கொல்லும் பக்கத்தை எழுதும்போது, அதற்கு முந்தைய பக்கங்களுக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். அவள் யார் தட்டிலிருந்தாவது ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். நாயகன் அடிக்கும் முதல் அடிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள், அவனுக்கே அது தெரியட்டும். அவள் உடலைக் காட்டுவதை விட்டுவிட்டு, வீட்டுக்குள் இருக்கும் குழந்தையின் பக்கத்தில் கேமராவை நிறுத்திப் பாருங்கள். சாகும் தறுவாயில் டெபி, வெந்த கன்னத்தை விலையுயர்ந்த மிங்க் ரோமக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு கேட்டியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறாள். அதுவரை மனைவியைப் பற்றி வாய் திறக்காத பேனியன் அப்போதுதான் பேசுகிறான்: அவளுக்கு என்ன பிடிக்கும், எப்படிக் கோபப்படுவாள் என்று. மனைவியை இழந்தவனின் துக்கம் அதுவரை கோபமாக மட்டும்தான் தெரிந்தது. ஒரு கொலை வழக்குப் படத்தின் உச்சக்கட்டத்தில், சாகப்போகும் ஒருத்திக்குச் செத்துப்போன ஒருத்தியைப் பற்றிச் சொல்லும் காட்சி. இப்படி ஒன்றை உங்களால் எழுத முடியும் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

அந்த ஆசிரியையின் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. கடைசிக் காட்சியில் பேனியன் பழைய மேஜைக்குத் திரும்பிவிட்டான். தொலைபேசி அடிக்கிறது, இன்னொரு வழக்கு. காபியைச் சூடாக வைத்திரு என்று சொல்லிவிட்டு வெளியே போகிறான். காபி என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் கூடத்தில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழந்தை அந்தக் காட்சியில் இல்லை.

வராதவர்கள் பலர் கேட்டதால் படத்தை இன்னொரு முறை திரையிட முடிவு செய்திருக்கிறோம். உங்களில் யார் வந்தாலும் முன்வரிசையில் நாற்காலி போட்டு வைக்கிறோம். கட்டணம் இல்லை. அந்த ஆசிரியையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு திரைப்பட ரசிகன்